ஊசியே இல்லாத ஊசியிலை மரம்... நம் மலையின் நிரம்பாலியை விதையிலிருந்து வளர்ப்பது எப்படி?

கொடைக்கானல் போனவர்களில் பைன் காட்டுக்குள் நின்று ஒரு போட்டோ எடுக்காமல் திரும்பியவர்கள் யாராவது இருக்கிறார்களா? நேர்க்கோட்டில் நிற்கும் மரங்கள், காலடியில் மெத்தை போல உதிர்ந்து கிடக்கும் ஊசி இலைகள், நடுவே இறங்கும் வெயில். எத்தனையோ சினிமாப் பாட்டுகளில் பார்த்த காட்சிதான். ஆனாலும் நேரில் பார்க்கும்போது மனசு ஒரு நிமிஷம் நின்றுவிடும்.

ஒரு சின்ன விஷயம். அந்த மரங்கள் எதுவும் நம் மலையில் பிறந்தவை அல்ல. வெள்ளைக்காரர் காலத்திலும் அதற்குப் பிறகும் கொண்டுவந்து நட்டவை. நம் மலைகளில் அதிகம் நடப்பட்ட பைன்களில் ஒன்றான பட்டுலா பைனுக்குச் சொந்த ஊர் மெக்சிகோ. ஊட்டியில் பார்க்கும் சைப்ரஸ் மரங்களும் வந்தேறிகள். கிறிஸ்துமஸ் மரம் என்று நர்சரியில் விற்கிறார்களே, அந்த அரக்கேரியா பசிபிக் கடல் தீவுகளிலிருந்து வந்தது. வீட்டு வாசலில் அழகுக்கு வைக்கும் துஜா சீனா பக்கத்துச் செடி. கடற்கரையில் நிற்கும் சவுக்கைப் பார்த்து 'இதுவும் ஊசியிலை மரம்தானே' என்று கேட்பவர்கள் உண்டு. சவுக்கு பூக்கும் மரம். தோற்றம் மட்டும்தான் ஒன்றுபோல இருக்கும்.

அப்படியானால் ஊசியிலை மரக் குடும்பத்தில் நமக்கென்று ஒன்றுமே இல்லையா?

இருக்கிறது. ஒன்றே ஒன்று. அதன் பெயர் நிரம்பாலி. சில இடங்களில் நரம்பாலி என்றும் சொல்வார்கள். தென்னிந்தியாவில் தானாக முளைத்து வளரும் ஒரே ஊசியிலை வகை மரம் இதுதான். வேடிக்கை என்னவென்றால், இதற்கு ஊசி இலையே கிடையாது!

யார் இந்த நிரம்பாலி?

பைன், தேவதாரு, சைப்ரஸ் எல்லாம் பூக்காத மரங்கள். இவற்றின் விதை, பழத்துக்குள் மூடப்பட்டு இருக்காது. பள்ளிக்கூடத்தில் ஜிம்னோஸ்பெர்ம் என்று படித்திருப்போம். திறந்த விதைத் தாவரங்கள். அவற்றில் பெரிய கூட்டம்தான் ஊசியிலை மரங்கள். பூமியில் இவை தோன்றி 30 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன. மல்லிகைக்கும் மாமரத்துக்கும் முன்னோர்களான பூக்கும் தாவரங்கள் வந்தது அதற்கு வெகுகாலம் கழித்துத்தான்.

இந்தக் கூட்டத்தில் போடோகார்ப்பஸ் குடும்பம் என்று ஒன்று உண்டு. கிரேக்க மொழியில் 'காலுள்ள கனி' என்று பொருள். விதைக்குக் கீழே சதைப்பற்றான ஒரு காம்பு, கால்போல இருப்பதால் வந்த பெயர். தென்கோளத்து நிலங்களில் அதிகம் காணப்படும் குடும்பம் இது. நம் நிரம்பாலி இந்தக் குடும்பத்துப் பிள்ளை.

இதன் அறிவியல் பெயர் நாகேயா வாலிச்சியானா. 'நாகி' என்பது ஜப்பானில் வளரும் இதன் உறவுக்கார மரத்தின் பெயர். அங்கே குமானோ பகுதிக் கோயில்களில் அதைப் புனித மரமாக வளர்க்கிறார்கள். அதன் இலையைக் குறுக்கே கிழிப்பது கஷ்டம் என்பதால், தம்பதியரின் பிரியாத உறவுக்கு அடையாளமாகவும் வைத்திருக்கிறார்கள். 'வாலிச்சியானா' என்பது கல்கத்தா தாவரவியல் பூங்காவை நிர்வகித்த நதானியேல் வாலிச் நினைவாக வைத்தது.

வடகிழக்கு இந்தியா, நிக்கோபார், மியான்மர் தொடங்கி நியூகினி வரை இந்த மரம் இருக்கிறது. அதனால் உலகக் கணக்கில் இது அழிவின் விளிம்பில் நிற்கும் மரம் இல்லை. ஆனால் மேற்குத் தொடர்ச்சி மலையில் கதை வேறு. அகத்தியமலைத் தொடர், பெரியாறு காடுகள் என்று மழைக்காடுகளில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் நிற்கிறது. கேரளத்தின் கவி வனப்பகுதியிலும் இந்த மரம் உண்டு. சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து திரும்பிய தமிழ்க் குடும்பங்கள் ஏலத்தோட்டத்தில் வேலை செய்யும் அதே கவிதான்.

நம் மலை மரங்களுக்கும் அஸ்ஸாம் பக்கத்து மரங்களுக்கும் நடுவே ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் இடைவெளி. இங்கே ஒரு மரம் போனால், அங்கிருந்து ஒரு பறவை விதையைத் தூக்கிவந்து போடப் போவதில்லை. இங்கே இருப்பதை இங்கேதான் காப்பாற்ற வேண்டும்.

இலையைப் பார்த்தால் தெரிந்துவிடும்

காட்டில் நிரம்பாலியைப் பார்ப்பவர்கள் அதை ஊசியிலை மரம் என்று நினைக்கவே மாட்டார்கள். 100 அடி உயரம் வரை போகும் பெரிய மரம். இலை அகலமாக, தடிப்பாக, பளபளப்பாக இருக்கும். நுனி கூராக முடியும். பெரும்பாலும் இரண்டிரண்டாக எதிரெதிரே அமைந்திருக்கும்.

சந்தேகம் வந்தால் உதிர்ந்த இலை ஒன்றை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மாவிலையில் நடுவே தடித்த ஒரு நரம்பு ஓடும். அரசிலை, பலா இலை எல்லாவற்றிலும் அப்படித்தான். நிரம்பாலி இலையில் அந்த நடுநரம்பு இருக்காது. சீப்பால் வாரிவிட்டதுபோல, காம்பிலிருந்து நுனிவரை மெல்லிய நரம்புகள் பக்கம் பக்கமாக ஓடும். ஒருமுறை பார்த்துவிட்டால் மறக்காது.

காத்திருக்காத விதை

சரி, இவ்வளவு அரிய மரம் என்றால் விதையைச் சேகரித்து வைத்து, தேவைப்படும்போது முளைக்க வைக்கலாமே என்று தோன்றும். அங்கேதான் சிக்கல்.

விதை என்றாலே நமக்கு நெல்தான் ஞாபகம் வரும். அறுத்து, காயவைத்து, குதிரில் கொட்டி, அடுத்த பட்டத்துக்கு எடுத்து விதைப்போம். நெல் ஜெயராமன் 170-க்கும் மேற்பட்ட பாரம்பர்ய நெல் ரகங்களை மீட்டெடுத்தார். காய்ந்த நெல் உயிரைப் பிடித்துவைத்துக்கொண்டு காத்திருக்கும். அதனால்தான் ஒரு பிடி நெல் கைக்குக் கை மாறி, ஊர் ஊராகப் போக முடிந்தது. நார்வேயின் பனிப்பிரதேசத்தில் 2008-ம் ஆண்டு திறக்கப்பட்ட ஸ்வால்பார்டு விதைப் பெட்டகமும் இதே நம்பிக்கையில்தான் இயங்குகிறது. விதையை நன்றாக உலர்த்தி, மைனஸ் 18 டிகிரியில் வைத்தால் பல்லாண்டுகள் தாங்கும்.

ஆனால் எல்லா விதையும் நெல் கிடையாது. பலாக்கொட்டையை ஒரு மாதம் வெயிலில் போட்டுவிட்டு விதைத்துப் பாருங்கள். முளைக்காது. மாங்கொட்டையும் அப்படியே. இவை ஈரத்தோடு பிறந்து, அந்த ஈரம் இருக்கும்போதே முளைத்துவிட வேண்டிய விதைகள். காய்ந்தால் உயிர் போய்விடும். உறையவைத்தால் உள்ளே இருக்கும் நீர் பனிக்கட்டியாகி, செல்களைக் கிழித்துவிடும்.

நிரம்பாலியின் குடும்பத்து விதைகளும் பெரும்பாலும் இந்தப் பலாக்கொட்டைக் கட்சிதான். வழக்கமான விதை வங்கியில் காயவைத்துப் பூட்டிவைக்க முடியாது. கவரில் போட்டு கூரியரில் அனுப்பி, அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று டிராயரில் வைத்தால் போச்சு.

அப்படியென்றால் இந்த மரத்துக்கு விதை வங்கி எது? உயிரோடு நிற்கும் தாய்மரம்தான். அது விழுந்தால் வங்கியே திவால். விதையிலிருந்து வளர்ப்பதைப் பற்றிப் பேசும்போது முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான்.

ஒற்றை மரம் தோப்பாகாது!

தாய்மரம் மட்டும் இருந்தால் போதுமா? போதாது. பனையில் ஆண் பனை, பெண் பனை என்று தனித்தனியாக இருப்பது நமக்குத் தெரியும். நிரம்பாலியும் அப்படித்தான். ஆண் மரம் மகரந்தத்தைத் தரும். பெண் மரம் விதையைத் தரும்.

மகரந்தத்தைக் கொண்டுபோவது காற்று. பைன் காடு போல ஒரே மரம் ஆயிரக்கணக்கில் நின்றால் காற்றுக்கு வேலை சுலபம். ஆனால் நம் மழைக்காட்டில் ஒரு நிரம்பாலிக்கும் இன்னொரு நிரம்பாலிக்கும் நடுவே நூற்றுக்கணக்கான வேறு மரங்கள். அடர்ந்த காட்டுக்குள் காற்றும் மெதுவாகத்தான் நகரும்.

இதோடு மனிதன் செய்தது சேர்ந்துகொண்டது. தேயிலைக்கும் காப்பிக்கும் ஏலத்துக்கும் அணைகளுக்கும் சாலைகளுக்குமாக மழைக்காடு துண்டு துண்டானது. ஒரு துண்டில் பெண் மரம் மட்டும் மிஞ்சியிருந்தால், அது எத்தனை வருஷம் வாழ்ந்தாலும் அதற்குப் பிள்ளையில்லை. பார்ப்பதற்குப் பச்சைப்பசேலென்று கம்பீரமாக நிற்கும். ஆனால் அடியில் ஒரு கன்றும் இருக்காது. ஓர் இனம் சத்தமில்லாமல் முடிந்துபோவது இப்படித்தான்.

விதையிலிருந்து கன்று வளர்ப்பவர்கள், இந்த அறுந்துபோன உறவை ஒட்டவைக்கும் வேலையைத்தான் செய்கிறார்கள்.

விதை எடுப்பதற்கு முன்...

முதலில் ஓர் எச்சரிக்கை. இந்த மரம் நிற்கும் இடங்களில் பெரும்பாலானவை பாதுகாக்கப்பட்ட காடுகள். தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகமான களக்காடு - முண்டந்துறை, அகத்தியமலைத் தொடரில்தான் இருக்கிறது. சரணாலயத்துக்குள் போய் அனுமதி இல்லாமல் ஒரு விதையை எடுத்தாலும் 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்தான். டூர் போன இடத்தில் ஆசைக்கு நாலு விதை பொறுக்கிக்கொண்டு வரும் வேலை வேண்டாம். நாற்றங்கால் நடத்துபவர்கள், தோட்ட உரிமையாளர்கள், கல்லூரித் தாவரவியல் துறையினர் போன்றோர் வனத்துறையின் எழுத்துபூர்வ அனுமதியோடு செய்ய வேண்டிய காரியம் இது.

அனுமதி கிடைத்த பிறகு, தாய்மரத்தை அடையாளம் வைத்துக்கொண்டு உதிர்வுக்காகக் காத்திருக்க வேண்டும். எந்த மரம் எப்போது உதிர்க்கும் என்பதைக் காட்டோடு வாழ்பவர்களிடம்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். அகத்தியமலைக் காடுகளில் தலைமுறைகளாக வாழும் காணி மக்கள், வனத்துறையின் வேட்டைத் தடுப்புக் காவலர்கள் ஆகியோரின் கண்ணுக்குத் தெரிவது புத்தகத்தில் இருக்காது.

விதை கிட்டத்தட்ட ஒரு கோலிக்குண்டு அளவுக்கு, உருண்டையாக இருக்கும். மேலே தோல் போல ஒரு மூடுறை உண்டு. பொறுக்கும்போது நான்கு விஷயங்களைக் கவனியுங்கள்.

• புதிதாக உதிர்ந்ததை மட்டும் எடுங்கள். சுருங்கியது, பூச்சி துளைத்தது வேண்டாம்.

• ஒரே மரத்தடியில் எல்லாவற்றையும் பொறுக்காதீர்கள். முடிந்தவரை பல தாய்மரங்களிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தால்தான் கன்றுகளுக்குள் வேற்றுமை இருக்கும்.

• கிடப்பதில் பெரும்பகுதியை அப்படியே விட்டுவிடுங்கள். அது காட்டின் பங்கு.

• பிளாஸ்டிக் கவரில் இறுக்கிக் கட்டாதீர்கள். வெந்துபோகும். லேசாக ஈரமான தென்னை நார்க்கழிவில் புதைத்து, காற்றுப் போகும் துணிப்பையில் எடுத்து வாருங்கள்.

நாற்றங்காலில் செய்ய வேண்டியவை

கொண்டுவந்த விதையை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடக் கூடாது. கூடுமானவரை அன்றே வேலையைத் தொடங்கிவிட வேண்டும்.

முதல் வேலை, மேல் சதையை நீக்குவது. தண்ணீரில் கொஞ்ச நேரம் ஊறவைத்து, ஆற்றுமணலோடு சேர்த்துக் கையால் மெல்லத் தேய்த்தால் கழன்றுவரும். சதை ஒட்டியிருந்தால் பூஞ்சணம் பிடிக்கும். எறும்பும் வரும்.

அடுத்து, ஒரு வாளித் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். உள்ளே ஒன்றும் இல்லாத பொக்கு விதை பெரும்பாலும் மிதக்கும். மூழ்கியதை முதலில் விதையுங்கள். மிதந்ததை உடனே குப்பையில் கொட்டிவிடாமல், ஒன்றிரண்டை வெட்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக, கெட்டியாக இருந்தால் அதையும் தனிப் பாத்தியில் போட்டுப் பார்க்கலாம்.

பாத்திக்கு மணலும் செம்மண்ணும் மக்கிய இலை உரமும் கலந்துகொள்ளுங்கள். தண்ணீர் தேங்காமல் வடிய வேண்டும், அதே சமயம் ஈரம் காயவும் கூடாது. விதையின் பருமன் எவ்வளவோ, அவ்வளவு ஆழத்தில் புதைத்தால் போதும். ஆழமாகப் போட்டால் மூச்சுமுட்டி அழுகிவிடும்.

மேலே நிழல்வலை அவசியம். பெரிய மரங்களின் நிழலில் முளைத்து வளர வேண்டிய கன்று இது. நேர் வெயிலில் கருகிவிடும். தண்ணீரைக் குழாயால் பீய்ச்சாமல், பூவாளியால் மெல்லத் தெளியுங்கள். எலியும் அணிலும் தோண்டும். பாத்தியின் மேல் கம்பி வலை ஒன்றைப் போட்டுவிடுங்கள்.

அதற்குப் பிறகு தேவைப்படுவது ஒன்றே ஒன்று. பொறுமை. வெண்டை விதை போல எல்லாம் ஒரே வாரத்தில் தலைகாட்டாது. ஒன்று முன்னால் வரும், ஒன்று மாதக்கணக்கில் கழித்து வரும். 'இனி வராது' என்று பாத்தியைக் கிளறிவிடாதீர்கள். மண்ணுக்கு அடியில் வேர் விட்டுக்கொண்டிருக்கும் விதையை நம் அவசரமே கொன்றுவிடும். பாத்தியின் ஓரத்தில் விதைத்த தேதி, தாய்மரம் நின்ற இடம், விதைகளின் எண்ணிக்கை மூன்றையும் எழுதிக் குச்சியில் கட்டிவைத்தால், பின்னால் வருபவர்களுக்கு அதுவே பாடம்.

வேரில் குடியிருக்கும் விருந்தாளி

முளைத்த கன்று முதல் சில இலைகளை விட்டதும், உயரமான நாற்றுப் பைக்கு மாற்றலாம். இந்த இடத்தில்தான் இந்தக் குடும்பத்துக்கே உரிய ஓர் அதிசயம் இருக்கிறது.

நிலக்கடலைச் செடியைப் பிடுங்கினால் வேரில் சின்னச் சின்ன முடிச்சுகள் இருக்கும் அல்லவா? அவற்றில் பாக்டீரியா குடியிருந்து தழைச்சத்தைக் கொடுக்கிறது. போடோகார்ப்பஸ் குடும்பத்து மரங்களின் வேரிலும் அதேபோல மணிமணியாக முடிச்சுகள் வரும். ஆனால் உள்ளே இருப்பது வேறு ஆள். வேர் உட்பூசணம் என்கிற பூஞ்சை. விவசாயிகள் 'வேம்' என்று சொல்லி வாங்குகிறார்களே, அதே வகை. பூஞ்சையின் நூலிழைகள் மண்ணுக்குள் வேர் போக முடியாத தூரம் வரை பரவி, மணிச்சத்தை உறிஞ்சிக் கொண்டுவந்து மரத்துக்குக் கொடுக்கும். பதிலுக்கு மரம் தான் தயாரித்த சர்க்கரையில் ஒரு பங்கைக் கொடுக்கும். பழைய பண்டமாற்று!

அதனால் பையில் நிரப்பும் மண் கலவையில், உள்ளூர் மரங்கள் நன்றாக வளரும் நாற்றங்காலின் பழைய மண் இரண்டு கைப்பிடி சேர்ப்பது நல்லது. அது கிடைக்காவிட்டால், வேளாண் மையங்களில் கிடைக்கும் வேர் உட்பூசணத்தைக் கலக்கலாம். ரசாயன உரத்தை அள்ளிப்போட வேண்டாம். மணிச்சத்து மண்ணில் தாராளமாகக் கிடைத்தால், மரம் அந்த விருந்தாளியை வீட்டுக்குள் விடாது.

கன்று நிதானமாகத்தான் வளரும். பையிலேயே ஓரிரு வருஷங்களுக்கு மேல் வைத்துப் பார்த்துக்கொள்ளத் தயாராக இருங்கள். வேர் பைக்கு வெளியே வந்து தரையைப் பிடிக்காமல் இருக்க, அவ்வப்போது பையை நகர்த்தி வையுங்கள். நடுவதற்குச் சில மாதங்களுக்கு முன்பு, நிழலையும் தண்ணீரையும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துப் பழக்குங்கள்.

எங்கே நடலாம்... எங்கே கூடாது?

அரிய மரம் என்றதும் சென்னையில் மொட்டைமாடித் தொட்டியில் வைக்கலாமா, மதுரையில் வாசலில் நடலாமா என்று கேட்கத் தோன்றும். வேண்டாம். இது மழைக்காட்டு மரம். ஆண்டின் பெரும்பகுதி ஈரமும் நிழலும் மூடுபனியும் பழகிய உயிர். சமவெளியின் சித்திரை வெயிலில் அதை நிறுத்துவது, அதற்கும் நல்லதில்லை, அரிதாகக் கிடைத்த விதைக்கும் நியாயமில்லை.

இன்னொரு தவறும் நடக்கலாம். மலை உச்சியில் இருக்கும் இயற்கைப் புல்வெளிகளை 'வெற்றிடம்' என்று நினைத்து அங்கே நட்டுவிடுவது. அந்தப் புல்வெளிதான் மழைநீரைப் பிடித்துவைத்து ஆறுகளுக்குக் கொடுக்கிறது. வரையாடு மேயும் இடமும் அதுதான். வெளிநாட்டு மரங்களை நட்டு அதைக் கெடுத்த அனுபவம் நமக்கு ஏற்கெனவே இருக்கிறது. அந்த அந்நிய மரங்களை அகற்றுவதற்காகவே 2022-ம் ஆண்டு தமிழ்நாடு அரசு தனிக் கொள்கை கொண்டுவந்தது. அங்கே நிரம்பாலியை நட்டாலும் அது தப்பான இடத்தில் நிற்கும் மரம்தான்.

இதற்கு ஏற்ற இடம், முன்பு மழைக்காடாக இருந்து இப்போது சிதைந்து கிடக்கும் நிலம். தேயிலை, காப்பித் தோட்டங்களுக்கு நடுவே விடப்பட்ட காட்டுத் துண்டுகள், ஓடைக்கரைகள். இப்படியான வேலைக்கு முன்மாதிரியும் நம்மிடமே இருக்கிறது. வால்பாறையில் நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு, தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே சிதைந்த மழைக்காட்டுத் துண்டுகளை 20 ஆண்டுகளுக்கும் மேலாக மீட்டுவருகிறது. சூழலியலாளர்கள் திவ்யா முடப்பா, சங்கர் ராமன் ஆகியோர் முன்னின்று நடத்தும் பணி. தார்ச்சாலையில் விழுந்து வண்டிச் சக்கரத்தில் நசுங்கப்போகும் விதைகளைப் பொறுக்கி, நாற்றங்காலில் வளர்த்து, உள்ளூர் மரங்களை மட்டுமே நடுகிறார்கள். காட்டுக்குள் கை வைக்காமலே விதை சேர்க்க வழி உண்டு என்பதற்கு இது நல்ல உதாரணம்.

நடும் காலம், தென்மேற்குப் பருவமழை மண்ணை நன்றாக நனைத்த பிறகு. திறந்த வெளியில் நடாமல், ஏற்கெனவே நிற்கும் மரங்களின் நிழலில் நட வேண்டும். முதல் சில வருஷங்களுக்குக் களைச்செடிகளையும் கொடிகளையும் விலக்கிவிட்டால் போதும்.

ஒன்று நட்டால் போதாது... ஏன்?

இப்போது கொஞ்சம் கணக்கு. நிரம்பாலிக் கன்றைப் பார்த்து அது ஆணா, பெண்ணா என்று சொல்ல முடியாது. வளர்ந்து பருவத்துக்கு வந்த பிறகுதான் தெரியும். இரண்டுக்கும் சம வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம்.

ஒரே ஒரு கன்றை நட்டால், அதற்குத் துணை கிடைக்கும் வாய்ப்பு பூஜ்யம். இரண்டு நட்டால், ஒன்று ஆணாகவும் மற்றொன்று பெண்ணாகவும் அமைய 50 சதவிகித வாய்ப்பு. மூன்று நட்டால் 75 சதவிகிதம். ஐந்து நட்டால் கிட்டத்தட்ட 94 சதவிகிதம். அதுவும் ஐந்தும் பிழைத்தால்தான். யானை மிதிக்கலாம், மான் கடிக்கலாம், வறட்சி வரலாம். அதனால் ஓர் இடத்தில் பத்துக்குக் குறையாமல் கூட்டமாக நடுவது புத்திசாலித்தனம்.

ஏற்கெனவே தனியாக நிற்கும் பெரிய மரத்துக்குப் பக்கத்தில், வேறு தாய்மரங்களின் கன்றுகளை நட முடிந்தால் இன்னும் நல்லது. வருஷக்கணக்கில் தனித்து நின்ற மரத்துக்கு ஒரு துணை கிடைக்கும்.

விழாக்களில் ஒரு வி.ஐ.பி. ஒரு மரக்கன்றை நட்டு, போட்டோ எடுத்துக்கொண்டு போவதைப் பார்த்திருப்போம். நிரம்பாலியைப் பொறுத்தவரை அந்த ஒற்றைக் கன்றால் ஒரு பயனும் இல்லை.

நாம் என்ன செய்யலாம்?

நிரம்பாலி விதை எல்லோர் கைக்கும் வராது. வரவும் கூடாது. ஆனால் எல்லோராலும் செய்யக்கூடியவை சில உண்டு.

மழைக்காட்டுச் சுற்றுலா போகும்போது, வழிகாட்டியிடம் 'நிரம்பாலி இருக்கிறதா?' என்று கேளுங்கள். நாலு பேர் கேட்டால் அந்த மரத்துக்கு மரியாதை வரும். பார்த்தால் போட்டோ எடுங்கள். விதையோ கிளையோ எடுக்க வேண்டாம்.

மலைப்பகுதியில் தோட்டம் வைத்திருப்பவர்கள், தங்கள் எல்லைக்குள் நடுநரம்பு இல்லாத அந்த இலையோடு ஒரு மரம் நிற்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வெட்டாதீர்கள். மாவட்ட வன அலுவலகத்துக்குத் தெரியப்படுத்துங்கள். உங்கள் தோட்டத்து மரம், பக்கத்துக் காட்டில் நிற்கும் பெண் மரத்துக்கு ஒரே துணையாக இருக்கலாம்.

பிள்ளைகளுக்கு இந்த விஷயத்தைச் சொல்லித்தர காடுவரை போக வேண்டியதில்லை. அடுத்த முறை பலாப்பழம் அறுக்கும்போது பத்துக் கொட்டைகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்தை அன்றே ஈரமண்ணில் விதையுங்கள். மீதி ஐந்தை ஒரு மாதம் வெயிலில் காயவைத்து விதையுங்கள். எது முளைக்கிறது, எது முளைக்கவில்லை என்று பிள்ளைகளே எழுதிவைக்கட்டும். ஏன் சில மரங்களைப் பெட்டியில் பூட்டிக் காப்பாற்ற முடியாது, ஏன் அவை நிற்கும் காட்டையே காப்பாற்ற வேண்டியிருக்கிறது என்பது அவர்களுக்குத் தானாகப் புரிந்துவிடும்.